கைப்பற்றப்பட்ட ரி-34: அலுமாரியில் கனகாலம் இருந்த ஒரு மாதிரி டாங்கி

பெட்டியைப் பிரித்த அன்றே எழுதும் விமர்சனங்கள் ஏராளம். கட்டி, நிறம் அடித்து, யாழ்ப்பாணத்து வெக்கையிலும் புழுதியிலும் வருடக்கணக்கில் வைத்திருந்தால் ஒரு பிளாஸ்ரிக் டாங்கி என்ன ஆகும் என்று எழுதுகிறவர்கள் குறைவு. என்னுடையது 35இல் ஒரு பங்கு அளவுள்ள ரி-34. சோவியத் டாங்கிதான், ஆனால் ஜேர்மனியர் பிடித்துத் தங்கள் சிலுவையைப் பூசி ஓட்டியது. தயாரித்த நிறுவனத்தின் பெயர் இங்கே வேண்டாம். இந்தக் குறைகள் பல பெட்டிகளுக்கும் பொது.

1943 மார்ச்சில் ஜேர்மனியர் கார்கிவ் நகரைத் திரும்பப் பிடித்தபோது அங்கே பழுதுபார்க்க நின்ற ரி-34கள் அகப்பட்டன. அவற்றைச் சீராக்கி, அந்த யூலையில் கூர்ஸ்க் சண்டைக்குக் கொண்டுபோனார்கள். அவர்களுடைய பதிவேட்டில் இந்த வண்டிக்கு இலக்கம் 747, பக்கத்தில் ரஷ்யாவைக் குறிக்கும் ஓர் எழுத்து. பிடித்த வண்டி ஒவ்வொன்றுக்கும் இலக்கம் போட்டு வைக்கிற அளவுக்கு அது வழமையான வேலையாக இருந்திருக்கிறது.

பெட்டியில் எனக்குப் பிடித்த பாகம் பீரங்கி பூட்டிய கோபுரத்தின் மேலே ஒட்டுகிற சிறிய வட்டக் கூண்டு. ரி-34இல் தளபதிக்கு வெளியே பார்க்க வசதி குறைவு. அதனால் ஜேர்மனியர் சில வண்டிகளில் தங்கள் டாங்கியின் கூண்டைக் கழற்றிக் கொண்டுவந்து பொருத்தினார்கள். பார்வைத் துவாரங்கள் இந்த மாதிரியில் கூர்மையாக வந்திருக்கின்றன. பொருத்துகிற இடத்தில் மட்டும் ஒரு மயிரிடை வெளி. புட்டி வைத்து அரத்தாள் போட்டால் சரி.

சிலுவை ஸ்ரிக்கர்கள் அளவுக்கு மீறிப் பெரியவை. கோபுரத்தின் இரு பக்கமும் ஒட்டவேண்டும், மேலேயும் ஒட்டவேண்டும். காரணம் உண்டு. தூரத்தில் நிற்கிற பீரங்கிக்காரன் வண்டியின் உருவத்தைப் பார்த்துத்தான் சுடுகிறான். ஆகாயத்தில் வருகிற சொந்த விமானமும் அப்படித்தான். 1941இல் லிபியாவின் தோப்ரூக்கில் இத்தாலிய டாங்கிகளைப் பிடித்த அவுஸ்திரேலியர் அதே பயத்தில் வெள்ளைக் கங்காருவைப் பெரிதாக வரைந்தார்கள். என் சிலுவைகளின் ஓரம் இப்போது மஞ்சளித்துவிட்டது. யன்னல் பக்கம் நின்ற பக்கம்தான் மோசம்.

பெரிய குறை, சில்லுகளைச் சுற்றி ஓடுகிற செயின். பெட்டியில் வந்தது இறப்பர் போல வளைகிற வினைல் செயின். அதை மென்மையாக வைத்திருக்கிற எண்ணெய்ப் பொருள் மெல்ல மெல்லக் கசிந்து, தொடுகிற பிளாஸ்ரிக்கைத் தின்னும். செயின் படுகிற இடமெல்லாம் சில்லுகள் இளகிப் பிசுபிசுத்துப்போய்விட்டன. நகத்தால் அழுத்தினால் அடையாளம் விழுகிறது. குளிர்நாட்டு அலுமாரியிலும் இது நடக்கும். எங்கள் வெக்கையில் வேகம் கூட என்றுதான் எனக்குப் படுகிறது.

அசல் வண்டிக்கோ வேறு தலையிடி. ரி-34 ஓடுவது டீசலில், ஜேர்மன் டாங்கிப் படைக்கு வருகிற பவுசர்களில் இருப்பது பெற்றோல். குண்டும் வேறு, உதிரிப்பாகமும் வேறு. பிடித்த அன்று இலவசம், அடுத்த மாதம் ஓட்டுவதுதான் செலவு. தொண்ணூறுகளின் தடைக்காலத்தில் இங்கே இருந்தவர்களுக்கு இதை விளக்கவேண்டியதில்லை. காபரேற்றருக்குள் நாலு சொட்டுப் பெற்றோல் விட்டு ஸ்ராட் பண்ணி, மண்ணெண்ணெயில் ஓட்டிய மோட்டார் சைக்கிள்களும் பழைய ஒஸ்ரின் கார்களும் இந்த வீதிகளில்தான் புகை கக்கின.

இதே கதை மறுபக்கத்திலும் உண்டு. பிரித்தானியரின் கோல்ட்ஸ்ட்ரீம் காவற்படையினர் 1944இல் நெதர்லாந்தின் ஓவர்லூனில் ஒரு ஜேர்மன் பாந்தர் டாங்கியைப் பிடித்து, ‘குக்கூ’ என்று பெயரிட்டு ஓட்டினார்கள். பனி உறைந்த வீதியில் தங்கள் சர்ச்சில் டாங்கிகள் வழுக்க, அது சுகமாகப் போனதாம். கடைசியில் எரிபொருள் பம்ப் பழுதாக, 1945 பெப்ரவரியில் விட்டுவிட்டார்கள்.

கனகாலம் ஓட்ட நினைத்தவர்கள் பீரங்கியை மாற்றினார்கள். சோவியத்காரர் ஸ்ராலின்கிராட் பக்கம் குவிந்த ஜேர்மன் பான்சர் 3 டாங்கிகளின் கோபுரத்தை எடுத்துவிட்டு, தங்கள் 76.2 மில்லிமீற்றர் பீரங்கியை வைத்து எஸ்யூ-76ஐ (SU-76i) என்று 200 வரை செய்தார்கள். இஸ்ரேல் 1967இல் பிடித்த ரி-54, ரி-55களுக்குப் பின்னர் 105 மில்லிமீற்றர் பீரங்கி பூட்டியது. பின்லாந்தின் பிரி-42 இந்த வரிசையில் தோற்றது: சோவியத் உடலில் முதலாம் உலகப்போர்க்காலத்து பிரித்தானியப் பீரங்கி, செய்தது 18, 1944இல் வீபோர்க்கில் பாடு திண்டாட்டம்.

வீட்டுக்கு வருகிறவர்களுக்கு இவ்வளவும் சொல்ல முடியாது. 1993 நவம்பரில் பூநகரி முகாம் தாக்குதலில் இராணுவத்தின் ரி-55 புலிகளின் கைக்குப் போனது இங்கே எல்லாருக்கும் தெரிந்த கதை. டாங்கி என்றதும் பேச்சு அங்கேதான் போகும். அம்மாவோ தூசி தட்டும்போதெல்லாம், “உலகத்தில வேற சாமானே கிடைக்கேல்லையோ தம்பி, இதைக் கொண்டுவந்து சாமி அலுமாரிக்குப் பக்கத்தில வைக்கிறாய்?” என்பார். இப்போது வேறு அறைக்கு மாற்றியாயிற்று.

வாங்கலாமா? கூண்டுக்கும் கோபுரத்துக்கும் வாங்கலாம். வினைல் செயினைப் பூட்டாமல், கண்ணி கண்ணியாக ஒட்டுகிற பிளாஸ்ரிக் செயினைத் தனியாக எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்ரிக்கர் ஒட்ட முன் பளபளப்பு வார்னிஷ் ஒரு கை அடியுங்கள், இல்லாவிட்டால் அடியில் காற்று நின்று வெள்ளி வெள்ளியாய்த் தெரியும். பெயின்ற் அடிக்க விடிய வெள்ளனத்தான் நல்லது. மத்தியானத்தில் பெயின்ற் தெளிக்கிற கருவியின் துவாரத்திலேயே காய்ந்துவிடுகிறது. நான் அடுத்து எடுக்க நினைப்பது அந்த எஸ்யூ-76ஐ (SU-76i) மாதிரி. செயின் எந்தப் பொருள் என்று கேட்டு எழுதியிருக்கிறேன். பதில் வந்த பிறகுதான் காசு.