பைண்டிங்குக்குப் போய்வந்த டரல்: 17 வருட அனுபவம்

போன மாதம் என் டரல் புத்தகத்தை, அதாவது ஜெரால்ட் டரலின் சிரிப்பு நினைவுக்குறிப்பை, பைண்டிங்குக்குக் கொடுத்தேன். 2008இல் திருவல்லிக்கேணி பைகிராஃப்ட்ஸ் ரோடு நடைபாதையில் 40 ரூபாய்க்கு வாங்கிய பேப்பர்பேக். முதுகுப் பசை காய்ந்து, நடுவில் இரண்டாகப் பிளந்து, கடைசி இரண்டு வருடமாக ரப்பர் பேண்டு போட்டுத்தான் பையில் வைத்திருந்தேன். ஒருநாள் தாம்பரம் ரயிலில் அந்த ரப்பர் பேண்டும் அறுந்தது. ஓர் அத்தியாயம் முழுக்கப் பெட்டிக்குள் பறந்தது. கல்லூரிப் பிள்ளைகள் இரண்டு பேர் பொறுக்கிக் கொடுத்தார்கள். அதில் ஒரு பையன் கையிலிருந்த தாளைப் படித்துவிட்டுச் சிரித்தான். எந்தப் பக்கம் என்று பார்ப்பதற்குள் பல்லாவரம் வந்து இறங்கிவிட்டான்.

பைண்டரின் தையலைக் குறை சொல்ல முடியாது. மயில்துத்தம் கலந்த மைதாப் பசை வாசம், பச்சைக் காலிகோ முதுகு, கெட்டி அட்டை, எல்லாம் சேர்த்து 180 ரூபாய். ஆனால் கட்டிங் மெஷினில் கொடுத்து ஓரத்தை ஒட்ட வெட்டியதில் பாதிப் பக்கங்களுக்கு எண் போய்விட்டது. அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். முன்னால் இருந்த தாள்களைக் காணோம்.

"அது கிழிஞ்சு தொங்கிட்டு இருந்துச்சு சார். பேர் போட்ட தாள்தானேன்னு எடுத்துட்டேன்."

பேர் போட்ட தாளோடு முன்னுரையும் போய்விட்டது. ஜெரால்ட் டரலின் 'மை ஃபேமிலி அண்ட் அதர் அனிமல்ஸ்' படித்தவர்களுக்கு அந்த முன்னுரையின் தலைப்பு நினைவிருக்கும்: பிரதிவாதி தரப்பு வாதம். ஐந்து வருட வாழ்க்கையை ஒரு புத்தகத்துக்குள் அடைக்க வேண்டியிருந்தது, அதனால் சுருக்கினேன், நறுக்கினேன், ஒட்டுப்போட்டேன், நிகழ்ச்சிகள் நடந்த வரிசை ஏறக்குறைய போயே போய்விட்டது, சொல்ல ஆசைப்பட்ட சில ஆட்களையும் விட வேண்டியதாயிற்று என்று அதில் ஒப்புக்கொள்கிறார். ஆக என் பிரதிக்கு இப்போது வக்கீல் கிடையாது. எனக்கோ இந்தப் புத்தகத்தின் மேல் ரொம்ப நாளாக ஒரு வழக்கு இருக்கிறது.

இதையெல்லாம் இப்போது எழுதக் காரணம், ஆபீஸில் என் பக்கத்து சீட்டில் இருக்கும் பெண். "சார், சிரிக்கிற மாதிரி ஒரு புத்தகம் சொல்லுங்க. கதை வேண்டாம், நிஜமா நடந்ததா இருக்கணும்" என்றாள். நான் பெரிய படிப்பாளி இல்லை. ராத்திரி தூக்கம் வரும்வரை பத்துப் பக்கம், ரயிலில் இடம் கிடைத்தால் இன்னும் பத்து. நாவல் என்றால் யார் யாருக்கு என்ன உறவு என்பது மறுநாளே மறந்துவிடுகிறது. அதனால்தான் இந்த மாதிரிச் சிரிப்பு நினைவுக்குறிப்புகள் பக்கம் ஒதுங்கினேன். எங்கே பிரித்தாலும் ஒரு சம்பவம் இருக்கும். ஆனால் 'நிஜமா நடந்ததா' என்ற வார்த்தைதான் என் வயிற்றெரிச்சலைக் கிளப்பிவிட்டது.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். 1935இல் ஒரு விதவைத் தாய் இங்கிலாந்தின் குளிரும் சளியும் போதுமென்று நான்கு பிள்ளைகளுடன் கிரேக்கத்தின் கோர்ஃபு தீவுக்குக் குடிபோகிறார். கடைக்குட்டி ஜெரிக்குப் பத்து வயது. கண்ணில் பட்ட பூச்சி, பல்லி, ஆமை, ஆந்தை அத்தனையையும் வீட்டுக்குள் கொண்டுவருகிறான். பெரிய அண்ணன் லாரி எழுத்தாளர்; எல்லாவற்றுக்கும் புலம்புவார், யோசனை சொல்வார், யாருக்கும் உதவமாட்டார். தன் நண்பர்களைக் கூட்டமாகக் கூப்பிட்டுவிட்டு, வீடு போதாது, பெரிய வீடாகப் பாருங்கள் என்று அம்மாவையே விரட்டுவார். அந்த அம்மாவை எனக்கு ரொம்பப் பிடிக்கும். லூயிசா பிறந்தது நம் ரூர்க்கியில். ஜெரி பிறந்தது 1925இல் ஜாம்ஷெட்பூரில். 1928இல் கணவர் இறந்த பிறகுதான் குடும்பம் இங்கிலாந்து போனது. வீடு ரணகளமாகிக் கொண்டிருக்கும்போதும் அடுத்த வேளைச் சமையலைப் பற்றியே யோசிக்கும் அந்த அம்மாவைப் பார்த்தால், யாரோ தெரிந்த வீட்டுப் பெரியம்மா மாதிரி இருக்கும்.

தேள் காட்சியை நான் இருபது தடவையாவது படித்திருப்பேன். முதுகில் குஞ்சுகளைச் சுமந்துகொண்டிருந்த ஒரு தாய்த்தேளை ஜெரி தீப்பெட்டிக்குள் போட்டு, வரவேற்பறையில் வைத்துவிட்டு மறந்துபோகிறான். சாப்பாடு முடிந்து லாரி சிகரெட்டை வாயில் வைத்துக்கொண்டு, பேச்சு சுவாரஸ்யத்தில், அங்கிருந்து கொண்டுவந்த அந்தத் தீப்பெட்டியை எடுக்கிறார். அடுத்த ஒரு நிமிடத்தில் மேஜை முழுக்கத் தேள் குஞ்சுகள். அக்கா மார்கோ தேளைக் குறிவைத்துத் தண்ணீரை வீச, அது அம்மாவை முழுக்காட்டுகிறது. நாய் ரோஜர், வீட்டுக்கு ஏதோ ஆபத்து, யாரையாவது கடித்தாக வேண்டும் என்று முடிவு செய்து, அந்த நேரம் பார்த்து உள்ளே வந்த வேலைக்காரம்மாவின் கணுக்காலைக் கவ்வுகிறது. எனக்கு இதில் பிடித்தது அமளி இல்லை. தேள்களுக்கு ஏதும் ஆகிவிடக் கூடாதே என்று அந்தப் பையன் மட்டும் தவிப்பான் பாருங்கள், அது. அன்றிலிருந்து லாரிக்குத் தீப்பெட்டி என்றாலே நடுக்கம். என் மனைவி ஒருமுறை சமையலறையிலிருந்து தீப்பெட்டி கேட்டபோது குலுக்கிப் பார்த்துவிட்டுத்தான் கொடுத்தேன்.

சரி, இப்போது வழக்கு.

கோர்ஃபு வந்தபோது லாரிக்கு, அதாவது லாரன்ஸ் டரலுக்கு, கல்யாணம் ஆகியிருந்தது. மனைவி நான்சி, ஓவியர். அந்த 1935ஆம் வருடத் தொடக்கத்தில்தான் கல்யாணம். இருவரும் பெரும்பாலும் அம்மா வீட்டில் இல்லை, தனியாகத்தான் குடியிருந்தார்கள். பிற்பாடு தீவின் வடகிழக்கே கலாமி என்ற கடலோர ஊரில், தண்ணீரை ஒட்டிய ஒரு வெள்ளை வீட்டில். தம்பியின் புத்தகத்திலோ லாரி அம்மா வீட்டு மாடியில் உட்கார்ந்து டைப்ரைட்டர் தட்டிக்கொண்டு, சாப்பாட்டு மேஜையில் தினமும் புலம்பிக்கொண்டிருக்கிற கட்டைப் பிரம்மச்சாரி. நான்சி முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை இல்லை. ஒரு விருந்தில்கூட, ஓரமாகக்கூட இல்லை.

இது எனக்குத் தெரியவந்தபோது புத்தகம் வாங்கி ஆறேழு வருடம் ஆகியிருந்தது. முதலில் சிரித்தேன். பிறகு கோபம் வந்தது. இத்தனைக்கும் மிகைப்படுத்தல் எனக்குப் பிரச்சினையே இல்லை. எங்கள் வீட்டில் பெரியப்பா ஒரு கதை சொல்வார். 1986இல் காஞ்சிபுரத்துக்குக் கல்யாணப் புடவை எடுக்கப் போன கார், திரும்பும் வழியில் வாலாஜாபாத் பக்கம் மழையில் நின்றுபோய், எல்லோரும் ஓர் அரிசி மில்லில் ராத்தங்கிய கதை. தவிட்டு மூட்டைமேல் படுத்திருந்த பெரியப்பாவை விடிகாலையில் ஒரு கன்றுக்குட்டி நக்கி எழுப்பியது. நான் பள்ளிக்கூடம் படிக்கும்போது அது கன்றுக்குட்டி. என் கல்யாணத்தின்போது பசுவாகிவிட்டது. இப்போது கிட்டத்தட்ட ஜல்லிக்கட்டுக் காளை. வளரட்டும், யாருக்கு நஷ்டம்? ஆனால் ஒவ்வொரு பொங்கலுக்கும் அந்தக் கதை முடிந்ததும் அத்தை மெதுவாகச் சொல்வாள்: "அன்னிக்கு நானும்தான் இருந்தேன்." பெரியப்பா திரும்பிப் பார்த்து, "நீ எங்க வந்த?" என்பார். மில் வாட்ச்மேனிடம் பேசி அத்தனை பேருக்கும் இடம் வாங்கிக் கொடுத்ததே அத்தைதான் என்று என் அம்மா சொல்லியிருக்கிறாள். வாட்ச்மேனிடம் பேசியதில் சிரிக்க ஒன்றுமில்லை. அதனால் அத்தைக்குக் கதையில் இடமில்லை.

நான்சிக்கு நடந்ததும் இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. லாரிக்குப் பக்கத்தில் மனைவி என்று ஒருத்தியை உட்கார வைத்தால், அம்மாவை உருட்டி மிரட்டும் அந்த லாரி நிற்க மாட்டார். "உங்களுக்குத்தான் தனி வீடு இருக்கிறதே" என்று வாசகனே கேட்டுவிடுவான். ஜோக் நிற்க வேண்டுமென்றால் அவள் போக வேண்டும்.

இன்னொன்று. லாரன்ஸ் டரலே கோர்ஃபு பற்றி 1945இல் 'ப்ராஸ்பரோஸ் செல்' என்று ஒரு புத்தகம் எழுதினார். அதில் நான்சி இருக்கிறாள், ஆனால் 'N' என்ற ஒற்றை ஆங்கில எழுத்தாக. புத்தகம் வெளிவரும் முன்பே இருவரும் பிரிந்துவிட்டார்கள். கணவன் ஓர் எழுத்து மிச்சம் வைத்தார். 1956இல் வந்த தன் புத்தகத்தில் கொழுந்தன் அதையும் எடுத்துவிட்டார். கடைசியில், வேறு கல்யாணத்தில் பிறந்த அவள் மகள் ஜோவன்னா ஹாட்ஜ்கின்தான் 2012இல் அம்மாவின் கதையைத் தனிப் புத்தகமாக எழுத வேண்டியிருந்தது.

டரல் மட்டும்தான் இப்படி என்றில்லை. தேம்ஸ் நதியில் மூன்று நண்பர்களும் ஒரு நாயும் படகில் போகிற ஜெரோம் கே. ஜெரோமின் 1889ஆம் வருடப் புத்தகம் இருக்கிறதே, அதன் முன்னுரையில் இந்த நூலின் அழகே இதிலுள்ள உண்மைதான் என்கிற தோரணையில் எழுதியிருப்பார். அதை எழுதுவதற்குக் கொஞ்சம் முன்னால், 1888இல், அவர் தேம்ஸில் படகில் போனது தேனிலவுக்கு, புது மனைவியோடு. புத்தகத்தில் மனைவி இருந்த இடத்தில் இரண்டு நண்பர்கள் ஏறிக்கொண்டார்கள். நண்பர்களாவது நிஜ மனிதர்களை வைத்து எழுதியது. நாய் சுத்தக் கற்பனை. இல்லாத நாய்க்குப் படகில் இடம் இருந்திருக்கிறது!

ஜேம்ஸ் ஹெரியட் இந்த விஷயத்தில் தேவலை. அவரே புனைபெயர்க்காரர், நிஜப்பெயர் ஆல்ஃப் வைட், யார்க்ஷயரில் கால்நடை மருத்துவர். ஊர் பெயர், முதலாளி பெயர் எல்லாம் மாற்றினார், ஆனால் ஆளைத் தொலைக்கவில்லை. பில் பிரைசன் இன்னும் நேர்மை. அமெரிக்காவின் அப்பலேச்சியன் மலை நடைபாதை 2,000 மைலுக்கு மேல், தான் நடந்தது 870 மைல்தான் என்று அவரே கணக்குப் போட்டு ஒப்புக்கொள்வார், அந்தக் கணக்கும் சிரிப்பாகத்தான் இருக்கும். ஆனால் அந்த இரண்டு பேரின் புத்தகத்தையும் நான் இரண்டாம் முறை படித்ததில்லை. டரலைத்தான் 180 ரூபாய் கொடுத்து பைண்ட் பண்ணியிருக்கிறேன். இதற்கு என்னிடம் நியாயம் எதுவும் இல்லை.

நட்சத்திரம் கேட்டால், இந்த வாரம் 5க்கு 2. எழுத்துக்கு 5 கொடுத்து, நான்சிக்காக 2 கழித்து, முன்னுரை தொலைந்த கடுப்பில் இன்னும் 1. பைண்டர் செய்ததற்கு டரல் என்ன பண்ணுவார் என்று கேட்காதீர்கள்.

வாங்கலாமா என்றால், வாங்கலாம். பழைய புத்தகக் கடையில் கிடைத்தால் விடவே வேண்டாம். முன்னால் தாள்கள் இருக்கின்றனவா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆபீஸ் பெண்ணிடம் வெள்ளிக்கிழமை என் பிரதியையே கொடுத்தேன். முன்னுரை இருந்த இடத்தில் ஒரு துண்டுத்தாள் ஒட்டி, 'லாரிக்குக் கல்யாணம் ஆகியிருந்தது. மனைவி பெயர் நான்சி' என்று எழுதி வைத்திருந்தேன். ராத்திரி பதினொன்றே காலுக்கு வாட்ஸப்பில் செய்தி வந்தது. வரிசையாகச் சிரிக்கும் முகங்கள், அதற்குக் கீழே: "சார், அந்தத் தீப்பெட்டி சீன் நிஜமாவே நடந்துச்சா?"

நான்சியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அந்த ராத்திரி லாரி அம்மா வீட்டில் இருந்தாரோ, கலாமியில் மனைவியோடு இருந்தாரோ என்று அடிக்க ஆரம்பித்து, பாதியில் அழித்தேன்.

"அப்படியே நடந்தது" என்று அனுப்பினேன்.