கார் ஷெட்டுக்கு வாங்கிய ஃபேன் ஹீட்டர்

ஐப்பசி மழையில், மேற்கு மாம்பலம் வீட்டின் கார் ஷெட்டில் வார்னிஷ் அடித்த தேக்கு முக்காலி மூன்று நாளாகியும் விரலில் ஒட்டியதால், சென்னையில் அரிதாகவே விற்கும் 2000 வாட் ஃபேன் ஹீட்டர் ஒன்றை வாங்கினேன். 230 வோல்ட்டில் ஏறத்தாழ 8.7 ஆம்பியர் இழுக்கும் இதனை 6 ஆம்பியர் பிளக்கிலோ எக்ஸ்டென்ஷன் பாக்ஸிலோ மாட்டக் கூடாது என்பதால், எலக்ட்ரீஷியனை அழைத்து 16 ஆம்பியர் பாயின்ட் போட்ட செலவையும் விலையோடு சேர்த்தே கணக்கிட வேண்டும். சாய்த்துப் பார்த்தேன், உடனே தானாக அணைந்தது. எனினும், வார்னிஷில் கலக்கும் தின்னரின் ஆவி ஹீட்டரின் சுடுகம்பியில் பட்டால் தீப்பற்றும் என்பதால், கதவைத் திறந்து வைத்து நெடி முற்றிலும் அடங்கிய பிறகே இயக்குகிறேன். மரத்தூளைப் பெருக்காமல் போட்ட முதல் நாளில் கருகல் வாடை வந்தது, தவறு என்னுடையதே. முக்காலி மறுநாளே காய்ந்துவிட்டது. ஒயரின் நீளம் ஒரு மீட்டர்தான் என்பது மட்டும் குறை.