"கியர் பொக்ஸ் போயிட்டு" என்று சொன்னால் உடனே காசை எடுக்காதீர்கள்

மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் ஒட்டோ கியர் கார் வைத்திருக்கிறவர்கள் இதைக் கடைசிவரை வாசியுங்கள். காரில் வந்த ஒரு இரைச்சலுக்கு கியர் பொக்ஸ்தான் காரணம் என்று சொல்லி ஒரு கராஜ் என்னிடம் 260,000 ரூபா வாங்கியது. இரைச்சல் அப்படியே இருந்தது. கராஜின் பெயரை இங்கே போடவில்லை, முறைப்பாடு இன்னும் நடந்துகொண்டிருக்கிறது. பெயரைப் போட்டால் பேச்சு முழுக்க அந்தப் பெயரைச் சுற்றியே போய்விடும். அவர்கள் எப்படி வேலை செய்தார்கள் என்பது உங்களுக்குத் தெரிந்தால் போதும், அந்த மாதிரி ஆட்களை எந்த ஊரிலும் அடையாளம் காணலாம்.

கார் டொயோட்டா எக்சியோ, சிவிடி கியர் (பெல்ட்டில் இயங்குகிற ஒரு வகை ஒட்டோ கியர்). வேலைக்காக மட்டக்களப்பிலிருந்து கல்முனை, காரைதீவு, சம்மாந்துறை வழியாக அம்பாறைக்குப் போய் வருவேன். மாரி முடிந்த கையோடு சத்தம் தொடங்கியது. 50 கிலோமீற்றர் வேகம் தாண்டியதும் "ஊம்ம்" என்று ஒரு முனகல். வேகம் கூடக் கூட அதுவும் கூடும். 80இல் பக்கத்தில் இருக்கிறவரோடு குரலை உயர்த்தித்தான் கதைக்க வேண்டும். கார் நின்றால் சத்தமும் நின்றுவிடும். கியர் பிடிப்பதில் உதறலோ இழுவைக் குறைவோ எதுவும் இல்லை. இந்த விவரங்களில் ஒன்றைக்கூட கராஜில் யாரும் என்னிடம் கேட்கவில்லை.

போனதும் ஒரு பையன் ஸ்டியரிங்குக்குக் கீழே ஒரு சின்னக் கருவியைச் சொருகிவிட்டு போனில் ஏதோ பார்த்தான். முதலாளி பொனட்டைத் திறந்து, நின்ற இடத்திலேயே அக்சிலேட்டரை மிதிக்கச் சொன்னார். காதைக் கொடுத்துக் கேட்டார். "அண்ணே, கியர் பொக்ஸ் பெயாரிங் போயிட்டு. இப்படியே ஓடினா பெல்ட் அறுந்து நடு ரோட்டில நிப்பீங்க" என்றார்.

"ஒருக்கா ஓட்டிப் பார்ப்பமா தம்பி?" என்று கேட்டேன்.

"தேவையில்லண்ணே, ஸ்கேன்லயே காட்டுது."

பெயாரிங் இரைகிறது என்று ஸ்கேன் காட்டாது. சென்சர்கள் தருகிற கணக்கில் பிழை வந்தால்தான் கோட் (பிழையைக் குறிக்கும் இலக்கம்) விழும். பெயாரிங் தேய்ந்து சத்தம் போடுவதைக் கேட்பதற்கு இந்தக் கார்களில் எந்த சென்சரும் இல்லை. அதுவும் போனோடு இணைக்கிற மலிவுக் கருவிகள் பலவற்றால் என்ஜின் கோட்டுகளைத்தான் வாசிக்க முடியும், கியர் பொக்ஸின் கணினிக்குள்ளேயே போக முடியாது. "ஸ்கேன் காட்டுது" என்று சொன்னால், எந்தக் கோட், எந்த இலக்கம் என்று கேளுங்கள், திரையைப் படம் எடுங்கள். நான் பிறகு கேட்டபோது "அது அழிஞ்சு போச்சு" என்று பதில் வந்தது.

விலை சொன்ன விதமும் ஒரு கலைதான். முதலில் கொழும்பில் பழைய வாகனச் சாமான் விற்கிற பஞ்சிகாவத்தையிலிருந்து முழு கியர் பொக்ஸ் இறக்க வேண்டும், நாலரை இலட்சம் ஆகும் என்றார். என் முகம் மாறியதைப் பார்த்துவிட்டு குரலைத் தணித்து, "நம்ம ஊர் ஆள், உங்களுக்காக நானே கழற்றி பெயாரிங் செட் மட்டும் போட்டுத் தாறன்" என்றார். நாலரை இலட்சத்தைக் கேட்ட காதுக்கு 260,000 சலுகை மாதிரித்தான் படும். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தி, 2025 பெப்ரவரியில்தான் தனியார் வாகனங்களுக்குத் திரும்பத் திறந்தார்கள். இடைப்பட்ட காலத்தில் பழைய கார்களின் விலை ஏறிய ஏற்றம் எல்லோருக்கும் தெரியும். இந்தக் காரை விட்டால் வேறு கார் இல்லை என்ற பயத்தில்தான் எல்லோரும் வண்டி ஓட்டுகிறோம். அந்தப் பயத்தின் விலை என்ன என்று இவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

அட்வான்ஸ் 150,000 கொடுத்தேன். இரண்டு நாள் கழித்து கூப்பிட்டு, ஒரு தட்டில் கியர் பொக்ஸ் ஒயிலும் ஒரு காந்தத் துண்டும் காட்டினார்கள். காந்தத்தில் சாம்பல் நிறத்தில் பசை மாதிரி ஒட்டியிருந்தது. "பாருங்கண்ணே, இரும்பெல்லாம் அரைஞ்சு வந்திருக்கு." பார்க்க வயிற்றைக் கலக்கத்தான் செய்தது. ஆனால் அந்தக் காந்தத்தை ஒயில் சட்டிக்குள் வைத்திருப்பதே அந்தத் தூளைப் பிடிக்கத்தான். ஓடிய எந்த ஒட்டோ கியர் பொக்ஸைத் திறந்தாலும் மெல்லிய சாம்பல் பசை இருக்கும். விரலால் தேய்த்தால் மாவாகக் கரையும். செதில் செதிலாக, கையில் குத்துகிற துண்டுகளாக இருந்தால்தான் பிரச்சினை. தட்டில் இருந்தது என் காரின் ஒயில்தானா என்பதும் வேறு கேள்வி.

காரைத் திருப்பி எடுத்து கல்லடிப் பாலம் தாண்டி, ஆரையம்பதிப் பக்கம் வேகம் எடுத்ததும் அதே "ஊம்ம்". போன் எடுத்தேன். "புதுப் பெயாரிங் அண்ணே, ஒரு 500 கிலோமீற்றர் ஓடினா செட் ஆயிடும்." பெயாரிங் என்ன புதுச் செருப்பா, நடக்க நடக்கக் காலுக்குப் பழகுவதற்கு? நல்ல பெயாரிங் போட்ட முதல் நிமிடத்திலிருந்தே சத்தமில்லாமல் சுற்றும். இன்னொன்றும் புதிதாகச் சேர்ந்துகொண்டது. சிக்னலில் நின்று கிளம்பும்போது கார் மெல்ல உதறத் தொடங்கியது. அது முன்னர் இல்லாத நோய்.

உறவினர் ஒருவர் சொல்லி, கல்முனைப் பக்கம் வயதான ஒரு மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். எல்லோரும் அவரைக் காக்கா (அண்ணன்) என்றுதான் கூப்பிடுகிறார்கள். பொனட்டைத் தொடவே இல்லை மனுசன். சாவியை வாங்கிக்கொண்டு, "நீங்க பக்கத்தில இருங்க, சத்தம் வரக்குள்ள சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு ரோட்டில் இறங்கிவிட்டார்.

அவர் செய்த சோதனைகள் எல்லாம் காசு செலவில்லாதவை. முதலில் காரை நிறுத்தி வைத்து, பி-யில் போட்டு என்ஜினை முறுக்கினார். ஒயில் பம்பும், என்ஜினின் சுழற்சியை கியர் பொக்ஸுக்குக் கடத்துகிற டோர்க் கொன்வேட்டரும் என்ஜினோடு சுற்றுகிறவை. அவற்றில் கோளாறு என்றால் கார் நிற்கும்போதே, என்ஜின் வேகத்தோடு சேர்ந்து சத்தம் ஏறி இறங்கும். ஒன்றும் இல்லை. அடுத்து ஆள் நடமாட்டமில்லாத நேர் ரோட்டில் 60க்குக் கொண்டுபோய், அக்சிலேட்டரை மிதித்தும் விட்டும் பார்த்தார். சிவிடிக்குள்ளே பெயாரிங் பழுதென்றால் அனேகமாக இழுக்கும்போது ஒரு மாதிரியும் விடும்போது இன்னொரு மாதிரியும் கேட்கும். இங்கே இரண்டுக்கும் ஒரே முனகல். பிறகு சில விநாடி நியூட்ரலுக்குத் தள்ளினார். என்ஜின் சத்தம் தணிந்தது, முனகல் அசையவில்லை. "என்ஜினோட இதுக்கு சம்பந்தமில்ல. சில்லோட சுத்துற ஏதோ ஒண்டு" என்றார். நியூட்ரலிலும் கியர் பொக்ஸின் கடைசிப் பகுதி சில்லோடு சேர்ந்து சுற்றும் என்பதால் இந்தச் சோதனை ஒன்றை மட்டும் வைத்து முடிவெடுக்க முடியாது என்பதையும் அவரே சொன்னார். இதை நீங்கள் செய்து பார்ப்பதென்றால் என்ஜினை மட்டும் நிறுத்திவிடாதீர்கள், பிரேக்கும் ஸ்டியரிங்கும் இறுகிவிடும்.

கடைசியாக காரை மெல்ல வலப்பக்கமும் இடப்பக்கமும் வளைத்து ஓட்டினார். வலப்பக்கம் வளைக்கும்போது சத்தம் கூடியது, இடப்பக்கம் வளைக்கும்போது கிட்டத்தட்ட இல்லாமலே போனது. வலப்பக்கம் திரும்பும்போது காரின் பாரம் இடப்பக்கச் சில்லுகளில் சாயும். ஆகவே பழுது இடப்பக்கம்.

தன் கராஜுக்குத் திரும்பி முன் இடப்பக்கத்தை ஜக்கில் தூக்கி, ஒரு கையால் ஸ்பிரிங்கைப் பிடித்துக்கொண்டு மறு கையால் சில்லைச் சுற்றினார். என்னையும் பிடிக்கச் சொன்னார். ஸ்பிரிங்கில் மணலை அரைப்பது போன்ற ஒரு நறநறப்பு கைக்கு நன்றாகவே தெரிந்தது. வலப்பக்கத்தில் அது இல்லை. வீல் பெயாரிங். காரைதீவு – மாவடிப்பள்ளிப் பாதையில் மாரி வெள்ளம் நின்ற நாட்களில் கார் அதற்குள்ளால்தான் போய் வந்தது. சீல் தளர்ந்த பெயாரிங்குக்குள் தண்ணீர் புகுந்தால் கிரீஸ் கெட்டு, உள்ளே துரு ஏறி, சில கிழமைகளில் இரையத் தொடங்கும். பெயாரிங்கை நக்கிளிலிருந்து (சில்லைத் தாங்குகிற இரும்புப் பாகம்) பிரெஸ்ஸில் வைத்துத்தான் கழற்ற வேண்டும். சாமானும் கூலியும் சேர்த்து 19,500 ரூபா முடிந்தது. வீட்டுக்கு வரும் வழியில் 80இல் ஓடினேன், டயர் சத்தம் தவிர வேறு ஒன்றும் கேட்கவில்லை.

அப்போ கியர் பொக்ஸுக்குள் போட்டதாகச் சொன்ன பெயாரிங் செட்? காரைத் தூக்கியிருந்த நேரத்திலேயே காக்கா டோர்ச் அடித்துக் காட்டினார். கியர் பொக்ஸை என்ஜினோடு பிணைக்கிற போல்ட்டுகளின் தலையில் மாவடிப்பள்ளிச் சேறு காய்ந்து அப்படியே ஒட்டிக்கொண்டிருந்தது. ஸ்பானர் பட்ட அடையாளமே இல்லை. அந்த போல்ட்டுகளைக் கழற்றாமல் கியர் பொக்ஸை இறக்கவே முடியாது. திறந்திருந்தது ஒயில் வடிக்கும் போல்ட்டும் கீழே இருக்கிற ஒயில் சட்டியும் மட்டும்தான்.

பழைய பெயாரிங் என்று முதல் கராஜில் தந்த ஒன்று டிக்கிக்குள் கிடந்தது. எடுத்துக் கொடுத்தேன். சிவந்த துரு, இடுக்கில் காய்ந்த கிரீஸ். காக்கா சிரித்துவிட்டார். "தம்பி, கியர் பொக்ஸுக்குள்ள எல்லாம் ஒயில்லதான் ஓடும். அங்க கிரீஸ் எங்கால வந்த? ஒயில்ல ஊறினது இப்படித் துருப்பிடிக்குமா?"

புதிதாக வந்த உதறலுக்கும் விடை பில்லிலேயே இருந்தது. "ஏடிஎஃப் 4 லீற்றர்" என்று எழுதியிருந்தார்கள். சாதாரண ஒட்டோ கியருக்கு ஊற்றுகிற ஒயில் அது. சிவிடியில் இரும்பு பெல்ட் ஒன்று இரண்டு கப்பிகளுக்கு நடுவே உராய்வின் பலத்தில்தான் வேலை செய்கிறது. அந்த உராய்வுக்கென்றே செய்த ஒயில்தான் அதற்கு வேண்டும். டொயோட்டாவில் டிசி, எஃப்ஈ என்று காருக்கேற்ற மாதிரி உண்டு. நிஸ்ஸான், ஹொண்டா, சுசுகிக்கும் தனித்தனி. கையேட்டில் போட்டிருப்பதையே ஊற்ற வேண்டும். "எல்லாம் ஒண்டுதான்" என்று சொல்லி ஏடிஎஃப் ஊற்றினால் பெல்ட் வழுக்கும், கப்பியில் கீறல் விழும். அதாவது நல்லாயிருந்த கியர் பொக்ஸைக் கெடுக்கும் வேலையைத்தான் 260,000 ரூபாவுக்குச் செய்திருக்கிறார்கள். எனக்கு மிகவும் கோபம் வந்தது இந்த இடத்தில்தான். காசை ஏமாற்றியதைக்கூட ஒரு பக்கம் வைக்கலாம். போல்ட்டைத் திறந்து ஒயில் வடித்தால் முழுதும் வடியாது, டோர்க் கொன்வேட்டருக்குள் ஒரு பங்கு தங்கிவிடும். அதனால் சரியான ஒயிலை ஊற்றி, கொஞ்சம் ஓடி, திரும்ப வடித்து, மறுபடி ஊற்ற வேண்டி வந்தது. அந்தச் செலவு வேறு. உதறல் இப்போது நின்றிருக்கிறது. உள்ளே எவ்வளவு கீறல் விழுந்தது என்பதைப் போகப் போகத்தான் பார்க்க வேண்டும்.

பழைய கராஜுக்குப் போய் சேறு படிந்த போல்ட்டின் படங்களைக் காட்டினேன். முதலில் பையனின் பிழை என்றார்கள். பிறகு "கியர் பொக்ஸும் பழுதுதான், வீல் பெயாரிங்கும் பழுதுதான்" என்றார்கள். கடைசியில் 40,000 தருகிறோம், கதையை விடுங்கள் என்றார்கள். வாங்கவில்லை.

பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைக்கு எழுத்தில் முறைப்பாடு கொடுத்திருக்கிறேன். 1977 என்ற இலக்கத்துக்கு அழைத்தும் விசாரிக்கலாம். கவனிக்க வேண்டியது காலக்கெடு: 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின்படி சேவை கிடைத்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். "செட் ஆயிடும், பொறுங்க" என்று மாதக்கணக்கில் இழுப்பவர்களுக்கு இந்தக் கெடு தெரியாமல் இருக்காது என்று நினைக்கிறேன். பில், மாற்றிய சாமான், படங்கள், அட்வான்ஸ் கொடுத்ததற்கான துண்டு, எதையும் எறிந்துவிடாதீர்கள். பில் தர மறுக்கிற இடத்தில் காரை விடவே வேண்டாம்.

அதே கராஜிலோ வேறு இடத்திலோ, காரை ஓட்டிப் பார்க்காமலே கியர் பொக்ஸ் என்று சொல்லி உங்களிடமும் காசு வாங்கியிருந்தால் எனக்கு உள்பெட்டியில் எழுதுங்கள். நான் கொடுத்த முறைப்பாட்டுக் கடிதத்தின் பிரதி இருக்கிறது, அனுப்பிவிடுகிறேன். உங்கள் விவரத்தை மாற்றிப் போட்டால் சரி.