20,000 ரூபாய்க்குள் ஒரு மலை சைக்கிள்: எடுத்ததும் ஒதுக்கியதும்

அக்கா மகன் சேலத்தில் இன்ஜினியரிங் படிக்கிறான். அவனுக்கு ஏற்காடு ஏற வேண்டும், அடிவாரத்து மண் பாதைகளில் ஓட்ட வேண்டும். மொத்தம் 20,000 ரூபாய், ஹெல்மெட்டும் பூட்டும் லைட்டும் அதற்குள்ளேயே அடங்க வேண்டும். என் அப்பா வாடகை சைக்கிள் கடை வைத்திருந்தவர். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் வீல் கோட்டம் எடுக்க உட்கார்ந்துவிடுவேன். அதனால் வீட்டில் யார் சைக்கிள் வாங்கினாலும் கூப்பிடுவது என்னைத்தான்.

கடைக்குள் நுழைந்ததும் அவன் கண் நேராக இரட்டை ஷாக் வண்டிக்குப் போனது. "மாமா, ரெண்டு பக்கமும் ஷாக் இருக்கு, விலையும் பதினஞ்சாயிரம்தான்." அந்த விலையைப் பார்த்துத்தான் நான் வேண்டாம் என்றேன். நல்ல பின்பக்க சஸ்பென்ஷன் வேண்டுமென்றால் அதற்கு மட்டுமே இந்த வண்டியின் விலைக்கு மேல் ஆகும். 15,000 ரூபாயில் வருவது வெறும் ஸ்பிரிங். மிதிக்கிற பலத்தில் ஒரு பங்கு வண்டியை ஆட்டுவதற்கே போய்விடும். பிரேம் மடங்கும் இடத்தில் உள்ள புஷ் தேய்ந்துவிட்டால் பின்பாதி முழுக்க ஆட்டம் கொடுக்கும். எடையும் 18 கிலோ பக்கம். "தூக்கிப் பாருடா" என்றேன். தூக்கினான், இறக்கி வைத்தான், அப்புறம் அதைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை.

கடைசியில் எடுத்தது 16,800 ரூபாய் வண்டி. அலுமினியம் பிரேம், முன்னால் மட்டும் ஷாக், 27.5 இஞ்ச் வீல், கேபிள் டிஸ்க் பிரேக், ஷிமானோ என்ற ஜப்பான் கம்பெனியின் டூர்னி வரிசை 21 கியர், எடை 15 கிலோவுக்குக் கொஞ்சம் கீழே. வண்டிக் கம்பெனியின் பெயரை வேண்டுமென்றே விட்டுவிடுகிறேன். இந்த விலையில் ஸ்டிக்கரை உரித்துவிட்டால் பல வண்டிகளுக்குள் பெரிய வித்தியாசம் கிடையாது. எந்தெந்த பாகம் போட்டிருக்கிறார்கள் என்பதுதான் கணக்கு. "ஷிமானோ கியர் சார்" என்று கடைக்காரர் சொன்னால், பின்னால் தொங்கி, செயினைப் பல்சக்கரம் மாற்றித் தள்ளும் டீரெய்லரில் மட்டும்தான் அந்தப் பெயரா, கையில் மாற்றும் ஷிஃப்டரிலும் இருக்கிறதா என்று பாருங்கள். டூர்னி மலிவான வரிசைதான். ஆனால் ஒழுங்காக மாறும், கெட்டுப்போனால் சாமானும் சுலபமாகக் கிடைக்கும்.

யாரும் குனிந்து பார்க்காத இடம் பின் ஹப், அதாவது பின் வீலின் நடுப்பாகம். நான் முதலில் பார்ப்பது அதைத்தான். பல்சக்கரங்கள் அதில் மாட்டியிருக்கும் விதம் இரண்டு: கேசட், ஃப்ரீவீல். பின் வீலைப் பிடித்துக்கொண்டு பெடலைப் பின்பக்கமாகச் சுற்றுங்கள். பல்சக்கரங்களோடு நடு வளையமும் சேர்ந்து சுற்றினால் அது கேசட். நடுப்பகுதி அப்படியே நின்று பல்சக்கரங்கள் மட்டும் சுற்றினால் ஃப்ரீவீல். ஃப்ரீவீல் ஹப்பில் வலது பக்கத்து பால்ரஸ் உள்ளே தள்ளி இருக்கும், அதற்கு வெளியே ஆக்சில் தாங்கல் இல்லாமல் நீண்டு நிற்கும். கனமான ஆள் பள்ளத்தில் இறக்கி ஏற்றினால் வளைவது அந்த இடத்தில்தான். கேசட் ஹப்பில் பால்ரஸ் ஓரத்துக்கே வந்துவிடுவதால் அந்தத் தொல்லை இல்லை. நாங்கள் பார்த்த கடைகளில் எங்கள் பட்ஜெட்டுக்குக் கேசட் வண்டி சிக்கவில்லை. பையன் 58 கிலோ, குதிக்கிற ஆசையும் இல்லை, அதனால் ஃப்ரீவீலுக்குச் சரி என்றேன். 85 கிலோ ஆளாக இருந்தால் இன்னும் கொஞ்சம் காசு சேரும்வரை பொறுக்கச் சொல்லியிருப்பேன்.

ஏற்காட்டில் 20 கொண்டை ஊசி வளைவுகள். அங்கே 21 என்கிற எண்ணுக்கு வேலையே இல்லை, ஆக லேசான கியர் எவ்வளவு லேசு என்பதுதான் கேள்வி. இதில் முன்னால் சின்னச் சக்கரம் 24 பல், பின்னால் பெரியது 28 பல். ஒரு முழு மிதிக்கு வீல் ஒரு சுற்றுகூடப் போகாது. நம் பழைய கறுப்பு சைக்கிளில் இரண்டு சுற்றுக்கு மேல் போகும். பையன் இறங்காமல் ஏறிவிடுகிறான், மூச்சு வாங்கத்தான் செய்கிறது. பின்னால் 34 பல் வரை உள்ள ஃப்ரீவீல் போட்டால் இன்னும் லேசாகும். இந்த டீரெய்லர் அதைத் தாங்கும், செயினை மட்டும் நீளமாகப் போட வேண்டியிருக்கும்.

ஏறுவதை விட இறங்குவதில்தான் எனக்குக் கவலை. கேபிள் டிஸ்க்கில் பெரும்பாலும் ஒரு பக்கத்து பேட் மட்டுமே நகரும். மறுபக்கத்தை ஆலன் கீ போட்டு நாம்தான் டிஸ்க்குக்குப் பக்கத்தில் கொண்டுவந்து வைக்க வேண்டும். கடையில் அதைச் செய்யாமலே வண்டியைக் கையில் கொடுத்துவிட்டார்கள், லீவர் ஹேண்டில் பாரைத் தொடுகிற அளவுக்கு வந்தது. சரிசெய்த பிறகு நன்றாகவே நிற்கிறது. புதுக் கேபிள் முதல் சில வாரம் இளகும், அதையும் இறுக்க வேண்டும். டிஸ்க் மேல் எண்ணெய் மட்டும் படவே கூடாது. ஹாஸ்டலில் யாரோ நல்லெண்ணத்தில் செயினுக்கு ஸ்ப்ரே அடித்ததில் டிஸ்க்கிலும் பட்டு, பின் பேட் ஜோடியையே மாற்ற வேண்டியதாயிற்று.

முன் ஷாக் சுமார்தான். ஸ்பிரிங், அவ்வளவே. மேலே இருக்கும் பூட்டைத் திருப்பினால் ஏற்றத்தில் ஆடாமல் இருக்கிறது. மழையில் நனைந்தால் துடைத்து வைக்காவிட்டால் துரு ஏறும்.

டயர்தான் எதிர்பார்த்ததை விட நன்றாக இருக்கிறது. 2.1 இஞ்ச் அகலம். வால்வு பைக்கில் வருகிற அதே வகை என்பதால் பெட்ரோல் பங்கிலேயே காற்று பிடிக்கலாம். பங்க் ஆளிடம் விட்டால் கல் மாதிரி அடித்துவிடுவார். இவன் எடைக்கு 35 பிஎஸ்ஐ போதும், சரளைக் கல்லில் வழுக்காமல் பிடித்துப் போகும்.

அளவு விஷயத்தில் கடைக்காரர் வீல் இஞ்ச்சையே சொல்லிக்கொண்டிருந்தார். ஆளுக்குப் பொருந்த வேண்டியது பிரேம். இரண்டு காலும் தரையில் ஊன்றி நின்றால் மேல் கம்பிக்கும் உடம்புக்கும் நடுவே இரண்டு இஞ்ச்சாவது இடைவெளி வேண்டும். ஐந்தடி ஒன்பது அங்குலப் பையனுக்கு 18 இஞ்ச் பிரேம் சரியாக வந்தது.

மீதி 3,200 ரூபாயில் ஹெல்மெட், லைட், பூட்டு, ஒரு ஆலன் கீ செட் எல்லாம் முடிந்தது. வண்டியோடு வந்த பிளாஸ்டிக் பெடல் மழையில் வழுக்குகிறது, அதை மாற்றியாக வேண்டும். சீட்டும் கல்தான், ஆனால் அவன் அதைப் பற்றிக் குறை சொல்வதில்லை.

கையில் 10,000 ரூபாய்க்குள்தான் இருக்கிறது என்றால் கியர் இல்லாத சாதாரண சைக்கிளாகப் பார்த்து வாங்குங்கள். அந்த விலைக்கு கியர், டிஸ்க், ஷாக் மூன்றையும் சேர்த்துப் போட்டு நிறுத்தியிருக்கும் வண்டிகளை நானும் ஓட்டிப் பார்த்தேன், ஒன்றில்கூட மூன்றும் உருப்படியாக இல்லை.