தீபாவளிச் சீட்டுப் பெட்டியைப் பிரித்து விலை போட்டுப் பார்த்தேன்

தீபாவளி முடிந்து நாலு நாள்கூட ஆகவில்லை, அதற்குள் அடுத்த வருடத்துச் சீட்டு கார்டை எடுத்துக்கொண்டு எங்கள் தெருவுக்கு ஆள் வந்தாயிற்று. கிருஷ்ணகிரி பழையபேட்டைப் பக்கம் இருப்பவர்களுக்கு இது பழகின விஷயம்தான். மாதம் 300 ரூபாய், 12 மாதம் கட்டினால் தீபாவளிக்கு ஒரு வாரம் முன்னால் மளிகை, இனிப்பு, பட்டாசு, ஒரு பாத்திரம் எல்லாம் அடங்கிய பெரிய அட்டைப்பெட்டி வீட்டுக்கு வரும். 2024 தீபாவளிக்கு நானும் கட்டினேன். கடையின் பெயரை எழுதப்போவதில்லை, இதே கணக்கில் ஓடுகிற சீட்டுகள் ஊரில் நிறைய இருக்கின்றன. சேரலாமா என்று யோசித்துக்கொண்டிருப்பவர்களுக்காக நான் பார்த்ததைச் சொல்கிறேன்.

ஏன் சேர்ந்தேன் என்றால், வீட்டுக்காரர் லோடு ஆட்டோ ஓட்டுகிறார். மாங்காய் சீசனில் மண்டிக்கும் கூழ் ஃபேக்டரிக்கும் ஓயாமல் ஓட்டம் இருக்கும், ஆடி முடிந்ததும் வருமானம் பாதியாகிவிடும். சரியாக அந்த நேரத்தில்தான் ஆயுத பூஜை, தீபாவளி, அப்புறம் பொங்கல் என்று செலவு வரிசை கட்டி வருகிறது. கையில் காசு இருக்கும்போதே கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டி வைத்தால் கடைசி நேரத்தில் வட்டிக்கு வாங்க வேண்டாம் என்ற நினைப்புதான். அந்த நினைப்பில் தப்பில்லை, இப்போதும் அதைத்தான் செய்கிறேன்.

பெட்டி வந்த அன்று ராத்திரி ஒவ்வொரு பொருளாக எடுத்து வைத்து, அதே வாரம் நான் கடைவீதியில் விசாரித்த விலையைப் பக்கத்தில் எழுதினேன். எண்ணெய் 3 லிட்டர், சர்க்கரை 3 கிலோ, கடலை மாவு, மைதா, ரவை, துவரம் பருப்பு, உளுந்து, அரை லிட்டர் நெய், முந்திரி திராட்சை, மசாலா பாக்கெட்டுகள், இவை எல்லாம் சேர்ந்து 1,778 ரூபாய். எவர்சில்வர் தூக்கு 350. ஒரு கிலோ இனிப்பு 320. ஆக 2,448. மீதியெல்லாம் பட்டாசுப் பெட்டி. அதன்மேல் அச்சடித்த விலை 1,200, கடைக்காரர் கொடுத்த லிஸ்டிலும் 1,200. அதைச் சேர்த்தால் 3,648 வருகிறது, நாம் கட்டியது 3,600, பார்த்தீர்களா 48 ரூபாய் உங்களுக்கு லாபம் என்று காட்டிவிடலாம். ஆனால் அதே பெட்டி, அதே கம்பெனி, அதே எண்ணிக்கை, பட்டாசுக் கடையில் 450-க்கு விற்றார்கள். பட்டாசுப் பெட்டியில் அச்சடித்திருக்கும் விலைக்கும் விற்கிற விலைக்கும் சம்பந்தமே இருக்காது என்பது எல்லோருக்கும் தெரியும், சீட்டுக் கணக்கு மொத்தமும் அந்த இடத்தில்தான் நிற்கிறது. உண்மை விலைக்குக் கணக்குப் போட்டால் பெட்டியின் மதிப்பு 2,898. அதாவது என்னுடைய பணத்தை ஒரு வருடம் அவர் வைத்திருந்ததற்கு நான் அவருக்கு 700 ரூபாய் கொடுத்திருக்கிறேன்.

பட்டாசு வெடிக்க அரசு கொடுத்திருக்கும் நேரமே காலை 6 முதல் 7, இரவு 7 முதல் 8, அவ்வளவுதான். எங்கள் வீட்டில் இரண்டு பிள்ளைகள், கம்பி மத்தாப்பும் புஸ்வாணமும் சங்கு சக்கரமும் இருந்தால் போதும் அவர்களுக்கு.

தரத்தையும் சொல்லவேண்டும். நெய்யில் நெய் வாசனை இல்லை. இனிப்பு டப்பாவில் தயாரித்த தேதியும் இல்லை, எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. என்கிற உணவுப் பாதுகாப்பு உரிம எண்ணும் இல்லை, பிள்ளைகளுக்குக் கொடுக்க மனசு வராமல் அப்படியே வைத்துவிட்டேன். பருப்பும் சர்க்கரையும் நன்றாகவே இருந்தன. தூக்கை இன்னும் பயன்படுத்துகிறேன். பக்கத்து வீட்டு அக்கா ஆவணி மாதத் தவணையைப் பத்து நாள் தாமதமாகக் கட்டியதற்கு அவர் பெட்டியில் நெய்யை எடுத்துவிட்டார்கள், கேட்டதற்கு கார்டின் பின்பக்கம் இருக்கிறது பாருங்கள் என்றார்கள். பொடி எழுத்தில் இருந்தது, உண்மைதான். அதைக் கட்டும் முன்பே படித்துவிடுங்கள்.

என் மாமியார் சொல்வது வேறு. வீடு தேடி வந்து வாங்கிப்போகிறவள் இல்லையென்றால் அந்த 300 ரூபாய் ஏதாவது ஒன்றில் கரைந்துபோகும், 700 போனால் போகட்டும், பண்டிகையன்று அடுப்பில் எண்ணெய்ச் சட்டி ஏறுகிறதே என்பார். இதை நான் லேசாகத் தள்ளிவிட மாட்டேன், பல வீடுகளுக்கு அதுதான் நிலைமை. ஆனால் பணம் வாங்குகிறவர் ஒருநாள் கடையைப் பூட்டிவிட்டால் என்ன செய்வது என்ற கேள்வி இருக்கிறதே. அப்படி நடந்ததைச் செய்தியில் எத்தனை முறை பார்த்திருக்கிறோம். கையில் இருப்பது ஒரு கார்டு, அதில் ஒரு கையெழுத்து.

2025 தீபாவளிக்கு வேறு மாதிரி செய்தோம். எங்கள் மகளிர் குழுவில் எட்டுப் பேர், அதே 300 ரூபாயை 11 மாதம் வங்கியில் தனிக் கணக்கில் போட்டோம். மகளிர் சுய உதவிக் குழு தமிழ்நாட்டில் தொடங்கியதே பழைய தர்மபுரி மாவட்டத்தில்தான், 1989-ல், அப்போது கிருஷ்ணகிரியும் அதற்குள் இருந்தது. அப்படிப்பட்ட ஊரில் இருந்துகொண்டு இதற்கு ஏன் வெளியாளிடம் கட்டினோம் என்று இப்போது தோன்றுகிறது. ஆளுக்கு 3,300 சேர்ந்தது. 50 கிலோ சர்க்கரை மூட்டை ஒன்று, 15 லிட்டர் எண்ணெய் டின் இரண்டு, மற்றதும் மொத்தக் கடையில் வாங்கி எட்டாகப் பிரித்துக்கொண்டோம். மளிகை ஆளுக்கு 1,700-க்குள் முடிந்தது, அளவும் அதிகம், எல்லாம் நாங்களே பார்த்து எடுத்தது. பட்டாசுக்கு 500. மீதி 1,100 ரூபாய்க்கு, அக்டோபர் 12-ம் தேதி ஞாயிற்றுக்கிழமை போச்சம்பள்ளி சந்தைக்குப் போய் இரண்டு பிள்ளைகளுக்கும் துணி எடுத்தேன். இனிப்பு வாங்கவில்லை, வெல்லம் வாங்கி அதிரசமும் முறுக்கும் சுட்டோம்.

மாதாமாதம் கட்டுகிற ஆர்.டி. சேமிப்புக் கணக்கு போட்டிருக்கலாமே என்று கேட்பீர்கள். தபால் ஆபீஸ் ஆர்.டி. மாதம் 100 ரூபாயிலிருந்து கட்டலாம், ஆனால் அது 5 வருடக் கணக்கு, 3 வருடம் போன பிறகுதான் நடுவில் முடிக்க முடியும், தீபாவளிக்கு ஒத்துவராது. வங்கியில் 12 மாதம் போடலாம். 2024-ல் தீபாவளி அக்டோபர் 31, 2025-ல் அக்டோபர் 20, அதனால் நவம்பரில் தொடங்கினால் பண்டிகை போன பிறகுதான் பணம் வந்திருக்கும். 2026-ல் தீபாவளி நவம்பர் 8. 2025 அக்டோபர் முடிவதற்குள் கணக்குத் தொடங்கினால் தீபாவளிக்கு முந்தின வாரம் கைக்கு வந்துவிடும், மாதம் 300 ரூபாய்க்கு வட்டி மட்டும் 120 ரூபாய் பக்கம் நிற்கும்.

பெரியவர்களுக்குப் புடவை, வேட்டி, போர்வை என்றால் கோ-ஆப்டெக்ஸ் மாதச் சேமிப்பைக் கேட்டுப் பாருங்கள். 11 தவணை நாம் கட்டினால் 12-வதை அவர்கள் போடுகிறார்கள், தீபாவளித் தள்ளுபடி 30 சதவீதம் வேறு. 300 வீதம் 3,300 கட்டினால் 5,100 ரூபாய்க்கு மேல் விலையுள்ள கைத்தறித் துணி எடுக்கலாம். இந்த வருடம் அத்தைக்கும் மாமாவுக்கும் அதில்தான் கட்டப்போகிறேன்.

கார்டு கொண்டுவந்த அக்காவிடம் இந்தக் கணக்கு எழுதின நோட்டைக் காட்டினேன். அவரும் கமிஷனுக்கு வேலை செய்கிறவர்தான், அவர்மேல் கோபம் இல்லை. அவர் பட்டாசு வரியை இரண்டு முறை படித்துப் பார்த்துவிட்டு, உங்கள் குழுவில் இன்னொரு ஆளுக்கு இடம் இருக்கிறதா என்று கேட்டார். ஞாயிற்றுக்கிழமை கூட்டத்துக்கு வரச் சொல்லியிருக்கிறேன்.