ஒரே பொட்டலம், இரண்டு ஊர்: குட்டிக் கள்ளிக்குச் சொந்த வேரா, ஒட்டா?

மேட்டுப்பாளையத்து மச்சானும் நானும் ஒரு விதைப் பொட்டலத்தை ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டு மூன்று வருஷம் ஆகிறது. ப்ளாஸ்ஃபெல்டியா லிலிபுட்டானா. கள்ளி இனத்திலேயே மிகச் சிறியது இதுதான் என்பார்கள். விதையோ தூசி. பக்கத்தில் கசகசாவை வைத்தால் அது வேர்க்கடலை மாதிரி தெரியும். வெள்ளைத் தாளை மடித்து, மடிப்பில் கொட்டி, பிளேடு நுனியால் இரண்டாக ஒதுக்கினோம். அந்த நேரம் பார்த்து அத்தை ஃபேனைப் போட்டிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும்.

அவர் பங்கு கீழேயே இருந்தது, என் பங்கு கோத்தகிரிக்கு வந்தது. அவர் முளைத்த கையோடு ஒட்டுக் கட்டுவது, நான் சொந்த வேரிலேயே விடுவது என்று பேச்சு. யாருக்கு எது சரிப்பட்டது என்று இப்போது சொல்ல முடியும்.

முதலில் செடியைப் பற்றி. சொந்த ஊர் வட அர்ஜென்டினா, பொலிவியா பக்கம், ஆண்டிஸ் மலைச் சரிவு. செங்குத்துப் பாறையின் இடுக்கில் ஒண்டியிருக்கும். முள் கிடையாது, ஆங்காங்கே பஞ்சுப் பொட்டு மட்டும். நன்றாக வளர்ந்த ஒரு தலை சுண்டைக்காய் அளவு இருந்தால் பெரிது. மழை இல்லாத மாதங்களில் வற்றிச் சப்பையாகிப் பாறையோடு ஒட்டிக்கொள்ளும், மழை வந்ததும் மறுபடி உப்பும். 1937-இல் வெர்டர்மான் என்ற ஜெர்மானியத் தாவரவியலாளர் பெயர் வைத்தார். லிலிபுட்டானா என்றால் குள்ளர் தேசத்துக்காரி என்று வைத்துக்கொள்ளலாம்.

மச்சானின் வழி வேகமான வழி. முளைத்த சில வாரத்தில், குண்டூசித் தலை அளவுகூட இல்லாத நாற்றைப் புது பிளேடால் அடியில் சீவி, பெரெஸ்கியோப்சிஸ் என்ற இலை விடும் கள்ளியின் குச்சி நுனியை வெட்டி அதன் மேல் உட்கார வைப்பார். கட்டுவதற்கு நூல் வேண்டாம். வெட்டில் ஊறும் ஈரமே பிடித்துக்கொள்ளும். இரண்டு பக்கத்துச் சாறுக்குழாய் வளையமும் ஒன்றையொன்று தொட வேண்டும், அதுதான் சூட்சுமம். பெரெஸ்கியோப்சிஸ் பார்க்க இலை விட்ட சாதுச் செடி. தொட்டால்தான் தெரியும், கண்ணுக்குத் தெரியாத முடிமுள் விரலில் ஏறி இரண்டு நாளைக்குக் குடையும். பத்து வைத்ததில் அவருக்கு நான்கு பிடித்தன. குச்சி தீர்ந்ததும் டிராகன் பழச் செடியின் தண்டில் இன்னும் இரண்டு வைத்தார், அவையும் பிடித்தன.

பிடித்த பிறகு வளர்ச்சி அசுர வேகம். மூன்று மாதத்தில் பாசிப்பயறு அளவு, வருஷம் திரும்புவதற்குள் பூ. என் டப்பாவில் அப்போது பச்சைப் புள்ளிதான் இருந்தது. போனில் கூப்பிட்டு, “ஏனுங் மாப்ள, இன்னும் பாசியத்தான் வளத்தறீங்களா?” என்பார்.

அவர் கேட்டதிலும் நியாயம் இருந்தது. என் முதல் டப்பா பாசியில்தான் போனது. ஜூனில் விதைத்தது முதல் தப்பு, தென்னை நார்க்கழிவை அவிக்காமல் போட்டது இரண்டாவது. மூன்றே வாரத்தில் மேலே பச்சைப் படலம் கட்டியது, பின்னாலேயே குட்டிக் கறுப்பு ஈ வந்தது. அதன் புழு நாற்றின் அடியைத் தின்றுவிடும். பொட்டலத்தில் என் பங்கில் பாதி அதோடு காலி.

மிச்சத்தை அடுத்த மார்ச்சில் விதைத்தேன். சலித்த ஆற்று மணல், டீ வடிகட்டியில் விழுந்த செங்கல் குருணை, கொஞ்சமாக நார்க்கழிவு. எல்லாவற்றையும் குக்கரில் அரை மணி நேரம் அவித்து, ஆறவைத்து, கொதித்து ஆறிய மழைத்தண்ணீர் ஊற்றி, மூடி இறுக்கமான ஸ்வீட் டப்பாவில் நிரப்பினேன். விதையை மேலே தூவியதோடு சரி, மண் போட்டு மூடவில்லை. வெளிச்சம் பட வேண்டும். இந்த ஊர் மூடுபனியை நம்பி ஜன்னலில் வைக்க முடியாது என்பதால் எல்இடி பட்டி ஒன்று, தினம் பன்னிரண்டு மணி நேரம். அப்புறம் ஒரு வருஷத்துக்கு மூடியைத் திறக்கவில்லை. திறக்காமல் இருப்பதுதான் கஷ்டமான வேலை. வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாம் “உள்ள என்ன?” என்று மூடியில்தான் கை வைப்பார்கள்.

மேட்டுப்பாளையத்தில் மூடிய டப்பாவை வெயில் வேகவைத்துவிடும். மச்சான் அப்படி ஒன்றை மே மாதம் ஒரே மத்தியானத்தில் இழந்தார். கோத்தகிரியில் கோடையிலும் பகல் சூடு அளவோடுதான் இருக்கும், ஒரு விசிறிகூட வேண்டாம். அந்த வகையில் மலை சொந்த வேருக்கு வாகான இடம்.

ஒட்டுக்கு மலை வாகில்லை. போன வருஷம் மச்சான் டிராகன் பழத் தண்டில் நின்ற ஒரு செடியைப் பரிசாகக் கொண்டுவந்தார். மேலே ஏழெட்டுத் தலை, பூவோடு அழகாகத்தான் இருந்தது. ஜனவரி இரண்டாம் வாரம் ஒரு காலையில் தண்டைத் தொட்டேன், கொழகொழவென்று விரல் உள்ளே போனது. அடி கறுத்து, புளித்த வாடை. வெப்பத்துக்குப் பழகிய தண்டு அது, ராத்திரிக் குளிரும் ஈர மண்ணும் சேர்ந்தால் அழுகிவிடும். மேல் செடி அப்போதும் நலமாகத்தான் இருந்தது. அறுத்து, காயவைத்து, மணலில் வைத்துப் பார்த்தேன்; வேர் விடவே இல்லை. மலையில் ஒட்டுத்தான் வேண்டும் என்றால் எக்கினாப்சிஸ் மாதிரி குளிர் தாங்கும் கள்ளியை அடிச்செடியாக வைப்பதுதான் லாயக்கு. பெரெஸ்கியோப்சிஸும் குளிர் தாங்காத ஜாதிதான்.

இன்னொன்று, இது ரசனை சம்பந்தப்பட்டது. ஒட்டில் ஊட்டம் அதிகமாகி அந்தச் செடி ஊதிப்போகிறது. தலைக்கு மேல் தலை முளைத்து, காலிஃபிளவர் மாதிரி ஒரு கொத்து. பாறை இடுக்கில் சப்பையாக ஒண்டும் செடியைப் பார்க்கத்தானே இத்தனை பாடு? என் டப்பாவில் இன்று பதினொன்று இருக்கின்றன. பெரியது மிளகு அளவு, மண்ணோடு மண்ணாகப் படுத்திருக்கிறது. பூவுக்கு இன்னும் சில வருஷம் ஆகும். என் ஓட்டு இதற்குத்தான்.

பூச்சி விஷயத்தில் இரண்டும் ஒன்றுதான், மாவுப்பூச்சி யாரையும் விடாது. 1926-இல் இலங்கையிலிருந்து கொண்டுவந்து விட்ட ஒரு பூச்சிதான் தென்னிந்தியக் காடுகளில் மண்டிக் கிடந்த சப்பாத்திக்கள்ளியைத் தின்று அடக்கியது. மாவுப்பூச்சி அந்தப் பூச்சிக்கு உறவுக்காரன்தான், கள்ளி என்றால் சும்மா இருக்குமா? ஸ்பிரிட் தொட்ட பஞ்சுக்குச்சியால் ஒவ்வொன்றாகத் துடைக்க வேண்டியதுதான்.

வளர்ந்த செடியாகவே வெளிநாட்டிலிருந்து வாங்கலாமே என்பவர்களுக்கு: கள்ளிக் குடும்பம் கிட்டத்தட்ட முழுவதும், அழியும் ஆபத்துள்ள உயிரினங்களின் சர்வதேச வியாபாரத்தைக் கட்டுப்படுத்தும் சைட்ஸ் ஒப்பந்தத்துக்குள் வருகிறது, காகிதம் இல்லாமல் வருவது வம்பு. பாறையிலிருந்து பெயர்த்ததாக இருந்தால் பாவமும்கூட. முதல்முறை விதை போடுகிறவர்கள் ஃப்ரைலியாவில் ஆரம்பிக்கலாம். அதுவும் குட்டிதான், ஆனால் விதை கண்ணுக்குத் தெரியும், சட்டென்று முளைக்கும். பூ திறக்காமலேயே காய் பிடித்துவிடும் அதிசயமும் உண்டு. விதை புதிதாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

மச்சானை நான் ஜெயித்துவிட்டேன் என்றும் சொல்ல முடியாது. ப்ளாஸ்ஃபெல்டியா தன் மகரந்தத்திலேயே காய்க்கும். அவர் கொத்துகளில் வருஷம் முழுக்க ஏதாவது ஒரு காய் இருக்கிறது. போன மாதம் கோத்தகிரி பஸ்ஸில் தெரிந்த ஒருவரிடம் ஒரு மாத்திரை அட்டையைக் கொடுத்தனுப்பினார். ஒவ்வொரு குழியிலும் ஒரு சிட்டிகை விதை, மேலே செல்லோ டேப். இரண்டு குழியை விதைத்துவிட்டேன். டப்பா மேல் “திறக்காதே” என்று இந்தமுறை மார்க்கரில் எழுதி ஒட்டியிருக்கிறேன்.