பிரேமரா, பாலட்டரா? டீசைடில் ஒரே ஒரு விளையாட்டு விழாவுக்குத்தான் போக முடியும் என்றால்

கோடை வந்துவிட்டால் ஸ்காட்லாந்தில் ஊருக்கு ஊர் ஹைலேண்ட் எனும் மலைநாட்டு விளையாட்டு விழாதான். அபர்டீனுக்கு மேற்கே, டீ ஆற்றை ஒட்டிய டீசைடில் மட்டும் பேர்பெற்றவை மூன்று இருக்கின்றன. ஆகஸ்ட் முதல் சனிக்கிழமை அபாய்ன், இரண்டாவது வியாழக்கிழமை பாலட்டர், செப்டம்பர் முதல் சனிக்கிழமை பிரேமர். கொஞ்சம் வடக்கே டான் ஆற்றுப் பக்கம் போனால் ஆகஸ்ட் நான்காவது சனிக்கிழமை லோனக். பிரேமர், பாலட்டர் இரண்டையும் நாங்கள் வேறு வேறு வருடங்களில் பார்த்தாயிற்று. இனி ஒன்றுதான் என்றால் என் ஓட்டு பாலட்டருக்கு.

நிகழ்ச்சிகள் ஏறக்குறைய எங்கும் ஒன்றுதான். குண்டு, சம்மட்டி, கேபர் என்ற நீளமான மரத்தண்டு என்று பலசாலிகள் கில்ட் என்ற கட்டம்போட்ட பாவாடையைக் கட்டிக்கொண்டு எறிவார்கள். மேடையில் நடனப் போட்டி, ஒரு மூலையில் பேக்பைப் என்ற பை வைத்த ஊதுகருவியைத் தனியாக வாசிக்கும் போட்டி, புல்தரையில் ஓட்டம், மலையேறி இறங்கும் ஓட்டம், நடுவில் பைப் பேண்ட் அணிவகுப்பு. மழையும் எல்லா ஊருக்கும் பொது.

பிரேமருக்குக் கூட்டம் போவது ராஜ குடும்பத்துக்காக. அதில் ஒளிக்க ஒன்றுமில்லை, நாங்களும் அதற்குத்தான் முதலில் அங்கே போனோம். விக்டோரியா ராணி 1848இல் வந்தார். 1866இல் விழா நடத்தும் சங்கத்துக்கு 'ராயல்' பட்டம் கிடைத்தது. கோடைக் கடைசியில் அரச குடும்பம் பக்கத்திலுள்ள பால்மோரல் கோட்டையில் தங்குவது வழக்கம் என்பதால் இந்தத் தொடர்பு விட்டுப்போகவில்லை. 2022 செப்டம்பர் 3 அன்று எலிசபெத் ராணி வர முடியாமல் சார்லஸ் வந்தார். ஐந்தே நாளில் ராணி பால்மோரலில் காலமானார். மறு வருடம் சார்லஸ் மன்னராக வந்து உட்கார்ந்தார். பிற்பகலில் கார் வரிசை உள்ளே நுழைந்ததும் மைதானமே எழுந்து நிற்கும், செல்போன்கள் மேலே போகும். அந்தச் சில நிமிடங்கள் பாலட்டரில் கிடைக்காது. பல பைப் பேண்டுகள் சேர்ந்து ஒரே நேரத்தில் ஊதிக்கொண்டு வரும்போது நெஞ்சுக்கூடு அதிர்வதும் பிரேமரில் ஒரு படி அதிகம். ராணுவத்தினரின் கயிறு இழுக்கும் போட்டி, குழந்தைகளின் சாக்கு ஓட்டம் எல்லாம் உண்டு.

சரி, அப்புறம் ஏன் பாலட்டர்? முக்கியக் காரணம்: அங்கே மைதானத்தைச் சுற்றி இஷ்டப்படி நகரலாம்.

கிரிக்கெட்டுக்கு ஒரு பந்து, ஒரு ஆடுகளம். நல்ல இடமாகப் பார்த்து உட்கார்ந்தால் போதும். இங்கே அது சரிப்படாது. ஒரே வட்டத்துக்குள் ஒரே நேரத்தில் நாலு காரியம் நடக்கும். இந்தக் கோடியில் சம்மட்டி சுழலும், அந்தக் கோடியில் வாள் நடனம், சுற்றி ஓட்டப் பந்தயம். பிரேமர் மாதிரிக் கூட்டத்தில் நல்ல இடம் வேண்டுமானால் மாதக்கணக்கில் முன்கூட்டியே இருக்கை வாங்க வேண்டும். வாங்கிய இருக்கை எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் நடப்பதுதான் உங்கள் விழா. எதிர்ப்பக்கத்தில் கில்ட் நிறம் தெரியும், ஆள் தெரியாது. மைதானச் சீட்டு எடுத்து நிற்கலாம், ஆனால் முன்வரிசைத் தலைகளைத் தாண்டித்தான் பார்க்க வேண்டும்.

கேபரை எடுத்துக்கொள்ளுங்கள். மரத்தண்டை யார் அதிக தூரம் எறிகிறார் என்பதல்ல போட்டி. தண்டை நட்டமாகத் தூக்கிக்கொண்டு ஓடி, மேல்முனை தரையில் குத்தி, கையில் இருந்த முனை தலைகுப்புற மறுபக்கம் விழும்படி எறிய வேண்டும். விழுந்த தண்டு எறிந்தவருக்கு நேர் எதிரே நீட்டிக்கொண்டிருந்தால் கடிகாரத்தில் 12 மணி. அதுதான் முழு வெற்றி. கொஞ்சம் சாய்ந்தால் 11, 1 என்று மதிப்பு இறங்கும். அதனால்தான் நடுவர் பின்னாலேயே ஓடுகிறார். பக்கவாட்டில் உட்கார்ந்திருப்பவருக்கு 12-க்கும் 1-க்கும் வித்தியாசமே தெரியாது, பக்கத்து ஆள் கைதட்டுகிறாரே என்று தட்ட வேண்டியதுதான். பாலட்டரின் மொனால்ட்ரி பூங்காவில் கயிற்றை ஒட்டி நடந்து எறிகிறவருக்குப் பின்பக்கம் போய் நின்றோம். அங்கிருந்துதான் எனக்கே விளையாட்டு விளங்கியது.

சம்மட்டி எறிவதும் அப்படித்தான். எறிகிறவர் முதுகைக் காட்டி நிற்பார், கால் நகராது. பூட்ஸுக்கு முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் இரும்புத் தகட்டை மண்ணில் குத்தி இறக்கிக்கொள்வார். அந்தத் தகட்டைத் தொலைவிலிருந்து பார்க்கவே முடியாது. பார்க்காதவருக்கு 10 கிலோ இரும்பைச் சுழற்றியும் ஆள் எப்படி விழாமல் நிற்கிறார் என்பது புரியாது. 25 கிலோ எடையை ஒற்றைக் கையால் தலைக்குமேல் கம்பியைத் தாண்டி எறியும் போட்டிக்கு மட்டும் தள்ளி நின்றாலும் பரவாயில்லை. உயரம் எங்கிருந்தும் தெரியும். கீழே வருவது அவர் தலையிலேயே விழுந்துவிடுமோ என்ற பயமும் அப்படியே.

1864இலிருந்து நடக்கும் பாலட்டருக்கு இன்னொரு வசதி, திரும்பி வருவது. பாலட்டர் ரயில்பாதை 1966இலேயே மூடப்பட்டுவிட்டது. அபர்டீனிலிருந்து போக பஸ் அல்லது கார், அதுவும் ஏ93 என்ற ஒரே சாலை. பிரேமர் அதில் கிட்டத்தட்ட 93 கிலோமீட்டர், பாலட்டர் அதற்கு 27 கிலோமீட்டர் முன்னாலேயே வந்துவிடும். பிரேமர் சின்னக் கிராமம், விழா நாளில் தங்க அறை கிடைப்பது குதிரைக்கொம்பு. வியாழக்கிழமை என்பதுதான் பாலட்டரின் பெரிய குறை: விடுப்பு போட்டாக வேண்டும்.

லோனக்குக்கு நான் போனதில்லை, அதனால் தீர்ப்பு சொல்ல மாட்டேன். 1823இல் தொடங்கிய சங்கம் அது. லோனக் ஆட்கள் ஈட்டியும் கோடரியும் ஏந்திக் காலையிலேயே கிளம்பி, வழியில் வீடு வீடாக நின்று விஸ்கி குடித்துக்கொண்டு மைதானத்துக்கு அணிவகுத்து வருவார்கள். நடக்க முடியாமல் போகிறவர்களுக்காகப் பின்னால் ஒரு குதிரை வண்டியும் வருமாம். விளையாட்டைவிட அந்த நடைக்காகவே போகலாம் என்கிறார்கள் போனவர்கள். கார் இல்லாதவர்கள் அந்தப் பக்கம் யோசிக்கவே வேண்டாம்.

ராஜ குடும்பத்தை ஒருமுறையாவது பார்த்துவிட வேண்டும் என்று வீட்டில் பெரியவர்கள் யாராவது ஆசைப்பட்டால் தயங்காமல் பிரேமர் போங்கள், கூரை போட்ட இருக்கையாகப் பார்த்து வாங்குங்கள். வியாழக்கிழமை விடுப்பு கிடைக்காதவர்களுக்கு அபாய்ன் சனிக்கிழமை இருக்கிறது, அபர்டீனுக்கு இன்னும் பக்கம். போகிற வழியில் கொஞ்சம் விலகினால் போட்டார்க் பாலம். 1860இல் டொனால்ட் டின்னி என்ற பலசாலி இரண்டு கற்களை, சேர்த்து 332 கிலோ, கையில் பிடித்து அந்தப் பாலத்தின் குறுக்கே நடந்தார். கற்கள் இன்னும் அங்கேதான் இருக்கின்றன. சைவம் சாப்பிடுகிறவர்கள் எந்த விழாவுக்குப் போனாலும் டப்பாவில் எதையாவது கட்டிக்கொண்டு போங்கள்; வறுத்த உருளைக்கிழங்கை எத்தனை தடவைதான் வாங்குவது.